வெளிமாநிலப் போலீஸ் தம்பியைப் பிடித்துப்போய் மூன்று நாளாகிறது. இன்னும் கோர்ட்டில் நிறுத்தவில்லை. என்ன செய்வது?

பிடித்தவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்பது விதி. 'தூரம் அதிகம், பயண நேரம் அந்தக் கணக்கில் வராது' என்று போலீஸ் உங்களிடம் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அது பாதி உண்மை. அந்தப் பாதியை வைத்துத்தான் குடும்பங்களைக் காத்திருக்க வைக்கிறார்கள். நான் வக்கீல் இல்லை. என் அத்தை மகனுக்கு இதே நடந்தபோது ஓடி அலைந்து தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

பயண நேரம் கழிவது உண்மைதான். ஆனால் அது, பிடித்த இடத்திலிருந்து மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்குப் போகும் நேரம் மட்டும். அரசியலமைப்பின் 22(2) பிரிவு 'மிக அருகிலுள்ள' மாஜிஸ்திரேட் என்றே சொல்கிறது. 2024 ஜூலையில் வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் (BNSS) 58ஆம் பிரிவு, அந்த மாஜிஸ்திரேட்டுக்கு வழக்கில் அதிகார வரம்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் சரி என்கிறது. ஆக, உங்கள் ஊர் கோர்ட்டிலேயே நிறுத்தி, டிரான்சிட் ரிமாண்ட் (வேறு ஊர் கோர்ட்டுக்குக் கொண்டுபோக மாஜிஸ்திரேட் தரும் அனுமதி) வாங்கிக்கொண்டு கூட்டிப் போகலாம். அவர்கள் மாநிலத்துக்குப் போய்த்தான் நிறுத்த முடியும் என்று இல்லை.

இதைவிடப் பெரிய சிக்கல் 'கைது காட்டுவது', அதாவது பிடித்த நேரத்தை விட்டுவிட்டு வேறு நேரத்தில் கைது செய்ததாக எழுதுவது. எங்கள் பையனைச் செவ்வாய்க்கிழமை காலை கடை வாசலில் மஃப்டியில் வந்த நான்கு பேர் வேனில் ஏற்றினார்கள். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு அவர்கள் ஊர் பஸ் ஸ்டாண்டில் பிடித்ததாகக் கைது மெமோ சொன்னது. நடுவில் மூன்று நாள் லாட்ஜில் வைத்திருந்திருக்கிறார்கள். காகிதத்தில் அந்த மூன்று நாளே கிடையாது. அத்தை சாப்பிடாமல் வாசலில் உட்கார்ந்திருந்த அந்த மூன்று நாளை ஒரு கையெழுத்தில் அழித்துவிட்டார்கள். இன்றைக்கு நினைத்தாலும் நெஞ்சு கொதிக்கிறது.

எங்களைக் காப்பாற்றியது எதிர்க்கடை கேமரா. பதிவு தானாக அழிவதற்குள் வக்கீல் அதைப் பென்டிரைவில் எடுக்கச் சொன்னார். ரிமாண்டுக்கு (காவலில் வைக்க உத்தரவு கேட்டு) கோர்ட்டில் நிறுத்திய அன்று அந்த ஊர் வக்கீல் மூலம் அதை மனுவோடு கொடுத்தோம். மாஜிஸ்திரேட் பையனிடமே கேட்டுப் பதிவு செய்தார். போலீஸ் கஸ்டடி கொடுக்கவில்லை, நீதிமன்றக் காவலில் சிறைக்கு அனுப்பினார்.

அதனால் முதல் வேலை, பிடித்த நேரத்தை போலீஸுக்கு வெளியே எங்காவது பதிவாக்குவது. அந்தக் காலத்து வக்கீல்கள் 'முதலில் தந்தி அடி' என்பார்கள். 2013இல் தந்தி நின்றுபோனது. இப்போது எஸ்.பி., மாவட்ட நீதிபதி, மனித உரிமை ஆணையம் மூவருக்கும் மின்னஞ்சலும் ஸ்பீட் போஸ்டும் இன்றே அனுப்புங்கள். நாள், மணி, வண்டி எண், பார்த்தவர் பெயர் எல்லாம் இருக்கட்டும். ஸ்டேஷன் கேமராப் பதிவை அழிக்காமல் வைக்கும்படியும் அதிலேயே கேளுங்கள். எல்லா ஸ்டேஷனிலும் கேமரா வைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பரிலேயே உத்தரவிட்டிருக்கிறது.

அப்புறம் ஆட்கொணர்வு மனு, அதாவது பிடித்து வைத்திருப்பவரைக் கோர்ட்டில் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லிக் கேட்கும் மனு. தமிழ்நாடு என்றால், உங்கள் மாவட்டத்தைப் பொறுத்து, சென்னை உயர் நீதிமன்றத்திலோ அதன் மதுரைக் கிளையிலோ போடலாம். இதில் தாமதிக்காதீர்கள். மாஜிஸ்திரேட் ரிமாண்ட் செய்துவிட்டால் அந்த மனு பெரும்பாலும் நிற்காது. மனு போட்ட செய்தி தெரிந்ததுமே ஆளைக் கோர்ட்டில் நிறுத்திவிடுவதும் நடக்கும். அதுவும் உங்களுக்கு நல்லதுதான். பணம் இல்லையென்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். காவலில் இருப்பவருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் தர வேண்டும்.

தம்பியைக் கோர்ட்டில் பார்த்தால், எப்போது பிடித்தார்கள், அடித்தார்களா என்பதை மாஜிஸ்திரேட்டிடம் அவர் வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள். மருத்துவப் பரிசோதனையும் கேட்கட்டும். 'தகவல் தெரிவித்தோம்' என்று யாராவது தாளை நீட்டினால், அம்மா படிக்காமல் கையெழுத்துப் போட வேண்டாம். எங்கள் அத்தை போட்ட கையெழுத்தின் மேலே வெள்ளிக்கிழமை தேதியை எழுதிக்கொண்டார்கள்.