அதிரடித் தொடரில் நாயகனை மாற்றிவிட்டு அதே பெயரில் தொடர முடியுமா?

உங்களுக்குப் பிடித்த நடிகர் ஏதோ ஒரு தொடரிலிருந்து விலகியிருப்பார், "கதை நன்றாக இருந்தால் போதாதா?" என்று யாரோ உங்களுக்கு ஆறுதல் சொல்லியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். அந்த ஆறுதலை நம்பாதீர்கள்.

2001இல் தொடங்கிய '24' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சீசன் முழுக்க ஒரே நாள், ஓர் அத்தியாயம் ஒரு மணி நேரம். விளம்பரம் ஓடும்போதும் கதைக்குள் கடிகாரம் நிற்காது. எட்டு சீசன்களில் அதிபர்கள் வந்தார்கள், போனார்கள்; வில்லன்களுக்குக் கணக்கே இல்லை; பயங்கரவாதத் தடுப்புப் பிரிவின் தலைமை நாற்காலியும் யாருக்கும் நிலைக்கவில்லை. எட்டிலும் தொடர்ந்து இருந்த ஒரே ஆள் நாயகன் ஜாக் பாயர், அதாவது அவனாக நடித்த கீஃபர் சதர்லேண்ட்.

இதை நான் என் மாமனாரோடு உட்கார்ந்து பார்த்தேன். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. நான் பக்கத்தில் இருந்து வசனத்தைச் சொல்லிக்கொண்டே வருவேன். மூன்றாவது சீசனில், பயங்கரவாதியின் மிரட்டலுக்குப் பணிந்த அதிபர், ஜாக்கிடம் அவனுடைய மேலதிகாரி சாப்பெல்லையே சுட்டுவிடச் சொல்கிறார். ரயில்கள் நிற்கும் வெட்டவெளியில் சாப்பெல் மண்டியிடுகிறார். தானே சுட்டுக்கொள்வதாகத் துப்பாக்கியை வாங்குகிறார், முடியவில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் மாமா கையை உயர்த்தி, "சொல்லாதே அம்மா, தெரிகிறது" என்றார். அவர் பார்த்துக்கொண்டிருந்தது ஜாக்கின் முகத்தை. ஆறாவது சீசனில் தாடியும் தழும்புமாகச் சீனச் சிறையிலிருந்து ஜாக் திரும்பியபோதும் அப்படித்தான். "இவனை என்ன பாடுபடுத்தியிருக்கிறார்கள்!" என்று அவராகவே சொன்னார். முதல் சீசனில் மனைவியைப் பறிகொடுத்தது முதல் அவன் இழந்ததெல்லாம் மாமாவுக்கு மனப்பாடம். தொடரின் நினைவே அந்த ஒருவனிடம்தான் இருந்தது.

2017இல் '24: லெகஸி' வந்தது. அதே கடிகாரம், அதே பிரிவு, பழைய தொடரில் ஜாக்கோடு வேலை பார்த்த டோனி அல்மெய்டாகூட நடுவில் வருகிறார். நாயகன் மட்டும் புதியவர், கோரி ஹாக்கின்ஸ். மாமா கொஞ்ச நேரம் பொறுமையாகப் பார்த்தார். "யாரம்மா இவன்? நம் ஆள் எப்போது வருவான்?" என்றார். வரமாட்டான் என்றதும் செய்தி பார்க்கப் போய்விட்டார். அமெரிக்காவிலும் அது ஒரே சீசனோடு முடிந்தது. ஹாக்கின்ஸ் மோசமாக நடித்தார் என்று நான் சொல்லவில்லை. தயவுசெய்து அந்தச் சண்டைக்கு வராதீர்கள். அந்தப் புதிய நாயகன் பதறும்போது நாமும் பதற, நமக்கும் அவனுக்கும் இடையே பழைய கணக்கு எதுவும் இல்லை, அவ்வளவுதான்.

'மிஷன் இம்பாசிபிள்' தொலைக்காட்சித் தொடரில் இரண்டாவது சீசனிலேயே குழுத் தலைவராக ஸ்டீவன் ஹில்லுக்குப் பதில் பீட்டர் கிரேவ்ஸ் வந்தாரே, அது ஓடவில்லையா என்று ஒருவர் கட்டாயம் கேட்பார். ஓடியது. அங்கே திட்டமும் குழுவும்தான் நாயகன். தலைவரின் சொந்த வாழ்க்கை நமக்கு அதிகம் காட்டப்படவில்லை. சித்திரவதையை நியாயப்படுத்திய '24' தொடரைப் போய்ப் புகழ்கிறீர்களே என்பவர்களுக்கு: அந்தக் குற்றச்சாட்டை நானும் மறுக்கவில்லை. கேள்வி அதைப் பற்றியது இல்லை.

இந்தப் பதிலுக்காகச் சாப்பெல் காட்சியை மறுபடி பார்க்கலாம் என்றால் மூன்றாவது சீசன் டிவிடி என்னிடம் இல்லை. மாமாவுக்காகத் தேடித்தேடி வாங்கியது. வாரக்கடைசிக்குள் தருகிறேன் என்று எடுத்துப் போன உறவினர் ஒருவர் இன்றுவரை தரவில்லை. கேட்டால், "இந்தக் காலத்தில் யார் டிவிடி பார்க்கிறார்கள்?" என்கிறார். போன பொங்கலுக்கு அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். பெட்டி பத்திரமாகத்தான் இருக்கிறது, ஆடுகிற டிவி மேசையின் காலுக்கு அடியில்.