நீல டிக் விழுந்த பிறகு

கேள்வி: எனக்கு வயது 33. திருமணம் ஆகவில்லை. தனியாக வசிக்கிறேன்; வேலையும் நண்பர்களுமாக வாழ்க்கை நன்றாகவே போகிறது. ஆனால் டேட்டிங் செயலி மூலம் அறிமுகமாகிறவர்களைச் சந்திக்கப் போகும்போதெல்லாம் ஏதாவது ஒன்று நடந்து என் மானம் போகிறது. ஒரு முறை, தூரத்து மேசையிலிருந்து கையசைத்தவரைப் பார்த்து நானும் உற்சாகமாகக் கையசைத்துக்கொண்டே போய் அவர் எதிரில் உட்கார்ந்துவிட்டேன். அவர் கையசைத்தது எனக்குப் பின்னால் வந்த தம் மனைவிக்கு. இன்னொரு முறை, உணவு பரிமாறியவர் "நன்றாகச் சாப்பிடுங்கள்" என்றதற்கு "நீங்களும்" என்றேன். சென்ற மாதம் நடந்ததுதான் உச்சம். ஒருவரைச் சந்தித்துவிட்டு வீடு திரும்பியதும், அவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்தியை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, "நல்லவர்தான், ஆனால் மூச்சு விடாமல் தன் அலுவலகக் கதையையே பேசுகிறார், கொட்டாவியை அடக்கவே எனக்கு நேரம் சரியாக இருந்தது" என்று தோழிக்கு எழுதுவதாக நினைத்து அவருக்கே அனுப்பிவிட்டேன். இரண்டு டிக்கும் நீலமாகிவிட்டன. அவர் பதில் எழுதவில்லை, நானும் எழுதவில்லை. அன்றிரவே டேட்டிங் செயலியை நீக்கிவிட்டேன். இனி யாரையும் சந்திப்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். தோழி வயிறு வலிக்கச் சிரிக்கிறாள். எனக்கோ இரவில் படுத்தால் எல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்து காது சூடாகிறது. என் முடிவு சரிதானா? "எப்போது நல்ல செய்தி சொல்லப் போகிறாய்?" என்று கேட்கும் அக்காவுக்கு என்ன பதில் சொல்வது?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

அந்த மனைவி வந்து மேசையருகே நின்ற இடத்தில் நானும் வாய்விட்டுச் சிரித்தேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தச் சிரிப்பில் ஏளனம் துளியும் இல்லை. முன்பின் தெரியாத ஒரு தம்பதிக்கு வெகுநாள் சொல்லி மகிழ ஒரு கதையை நீங்கள் கொடுத்திருக்கிறீர்கள். ஆனால் "இனி யாரையும் சந்திப்பதில்லை" என்ற வரிக்கு வந்தபோது என் சிரிப்பு நின்றுவிட்டது. உங்கள் வாழ்க்கையைப் பற்றிய ஒரு பெரிய முடிவை உங்கள் சார்பில் உங்கள் கூச்சம் எடுத்திருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

நடந்த மூன்றையும் நீங்கள் ஒன்றாகச் சேர்த்துக் கட்டி வைத்திருக்கிறீர்கள். அந்தக் கட்டை அவிழ்க்க வேண்டும். ஆள் மாறிக் கையசைத்ததாலும் "நீங்களும்" என்று சொன்னதாலும் எவருக்கும் எந்த நஷ்டமும் இல்லை. ஸ்கிரீன்ஷாட் விஷயம் அப்படிப்பட்டதன்று; அதில் ஒருவருடைய மனம் புண்பட்டிருக்கிறது. ஆனால், நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், படுக்கையில் மூன்றுக்குமே காது ஒரே மாதிரிதான் சூடாகிறது. மன்னிப்புக் கேட்க வேண்டிய இடத்துக்கும், கேட்க ஒன்றுமே இல்லாத இடத்துக்கும் மனம் ஒரே அபராதத்தை விதிக்கிறது என்றால் அந்த மனத்தின் தீர்ப்பை அப்படியே நம்பிவிட முடியாது.

முதல் வகையைச் சீக்கிரமே முடித்துவிடலாம். வணக்கத்துக்கு வணக்கம், வாழ்த்துக்கு வாழ்த்து என்று பழகிய நாக்கு, யோசிப்பதற்கு முன்பே விடையைத் தந்துவிடுகிறது. அன்றாடப் பேச்சு தடங்கலின்றி ஓடுவதே இந்தப் பழக்கத்தால்தான். பதற்றமாக இருக்கும் வேளையில் அது இடம் மாறி வந்து விழுகிறது, அவ்வளவே. ஒவ்வொரு மேசையாகப் போய் அதே வாக்கியத்தைச் சொல்கிறவருக்கு "நீங்களும்" என்ற பதில் புதியதாக இருந்திருக்காது. எதிரில் இருந்தவர் அதைக் கவனித்தாரா என்பதே சந்தேகம். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உளவியலாளர் தாமஸ் கிலோவிச்சும் அவருடைய சகாக்களும் 2000-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இந்த விஷயத்தில் புகழ்பெற்றது. பாரி மேனிலோ என்ற பாடகரின் முகம் அச்சிட்ட டி-ஷர்ட், அந்த வயது மாணவர்கள் அணியக் கூசக்கூடிய ஒன்று. அதை ஒரு மாணவருக்கு அணிவித்து, மற்றவர்கள் உட்கார்ந்திருக்கும் அறைக்குள் அனுப்பினார்கள். அறையில் இருந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேராவது அந்தப் படத்தைக் கவனித்திருப்பார்கள் என்று அணிந்தவர்கள் கணித்தார்கள். உண்மையில் கவனித்தவர்கள் நான்கில் ஒரு பங்கினருக்கும் குறைவு. அந்தச் சட்டையைச் சற்று நேரம் போட்டுப் பழகிய பிறகு உள்ளே போனவர்கள், தம்மைக் கவனித்திருப்பார்கள் என்று கருதிய எண்ணிக்கையும் குறைந்தது என்பதுதான் எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி. பார்க்கிறவர்கள் மாறவில்லை, அணிந்தவரின் கூச்சம் பழகிப் போனதும் பார்வையாளர்களின் எண்ணிக்கை அவர் மனத்தில் தானாகவே குறைந்துவிட்டது. நீங்களோ பழகுவதற்கு முன்பே சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டீர்கள்.

காது சூடாவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. கூச்சம் வரும்போது முகத்திலும் காதிலும் உள்ள ரத்த நாளங்கள் விரிகின்றன. அது நம் கட்டளைக்குக் கட்டுப்படாத நரம்பு மண்டலத்தின் வேலை. மனித உணர்ச்சிகள் முகத்தில் வெளிப்படும் விதத்தைப் பற்றி 1872-இல் எழுதிய சார்லஸ் டார்வின், முகம் சிவப்பதை எல்லா வெளிப்பாடுகளிலும் மிகவும் மனிதத்தன்மை வாய்ந்ததாகக் கருதினார். அதை அடக்க வேண்டும் என்று நினைப்பதே அதை அதிகமாக்குகிறது என்பதையும் அவர் குறிப்பிட்டிருக்கிறார். ஆகவே இரவில் காது சூடானால் சூடாகட்டும். அதோடு மல்லுக்கு நிற்க வேண்டாம். கூச்சத்தை வெளிப்படையாகக் காட்டுகிறவர்களைப் பிறர் கூடுதலாக நம்புகிறார்கள் என்று கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012-இல் எழுதினார்கள். எதிரில் இருக்கிறவர் என்ன நினைப்பாரோ என்று பதறுகிற மனிதர், எதிரில் இருக்கிறவரைப் பொருட்படுத்துகிற மனிதராகவும் இருப்பார் என்பதை நாம் எல்லோரும் உள்ளூர அறிந்தே வைத்திருக்கிறோம்.

இனி ஸ்கிரீன்ஷாட்டுக்கு வருவோம். நீங்கள் உண்மையிலேயே ஏதாவது செய்ய வேண்டியது இங்கேதான். வேறெங்கும் இல்லாத அளவு கூச்சத்தை வைத்துக்கொண்டு நீங்கள் ஒன்றுமே செய்யாமல் விட்டிருப்பதும் இங்கேதான்.

அந்த நிமிடத்தை அவர் பக்கத்திலிருந்து பாருங்கள். சந்திப்பு முடிந்து வீட்டுக்குப் போனவர், உங்களுக்கு ஒரு நல்ல வார்த்தை எழுதி அனுப்புகிறார். சற்று நேரத்தில் உங்கள் பெயர் திரையில் வருகிறது. ஆவலோடு திறக்கிறார். அங்கே அவர் எழுதிய அதே செய்தி படமாகத் திரும்பி வந்திருக்கிறது. அதன் கீழே கொட்டாவி. இது தோழிக்குப் போக வேண்டியது என்று புரிந்துகொள்ள அவருக்கு அதிக நேரம் ஆகியிருக்காது. புரிந்தவுடன் வலியும் கூடியிருக்கும். முகத்துக்கு நேரே சொல்லப்படும் குறையைவிட, தான் இல்லாத இடத்தில் சொல்லப்பட்ட குறையைத்தான் மனிதர்கள் உண்மை என்று எடுத்துக்கொள்கிறார்கள். "நல்லவர்தான்" என்று நீங்கள் தொடங்கியது அவர் கண்ணில் பட்டிருக்கவே போவதில்லை.

நீங்கள் இப்போது செய்ய வேண்டியது ஒரே ஒரு செய்தி எழுதுவது. பழைய செய்தியை இப்போது நீக்கப் பார்ப்பதில் பொருள் இல்லை. வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்தியை இருவர் திரையிலிருந்தும் நீக்க இரண்டு நாள்களுக்குச் சற்றே கூடுதலான கால அவகாசம்தான் உண்டு. அதற்குள் நீக்கினாலும், நீக்கப்பட்டது என்ற குறிப்பு அதே இடத்தில் நிற்கும். படித்துவிட்ட மனிதருக்கு அந்தக் குறிப்பு இன்னொரு அடி. "அது உங்களைப் பற்றியது இல்லை" என்று மழுப்பவும் வேண்டாம். அவருடைய செய்தியே படத்தில் இருக்கும்போது அப்படிச் சொல்வது அவருடைய அறிவையும் சேர்த்து அவமதிப்பதாகும். சிரிப்பு எமோஜி கண்டிப்பாகக் கூடாது. நடந்ததை நகைச்சுவையாக எடுத்துக்கொள்ளும் உரிமை இப்போதைக்கு அவருக்கு மட்டுமே உண்டு. "நான் எவ்வளவு மோசமானவள், எனக்குத் தூக்கமே இல்லை" என்று உங்களையே திட்டிக்கொண்டு பக்கம் பக்கமாக எழுதினால், புண்பட்டவரே உங்களுக்கு ஆறுதல் சொல்ல வேண்டிய நிலைக்கு அவரைத் தள்ளிவிடுவீர்கள்.

நானாக இருந்தால் இப்படி எழுதுவேன்: "சென்ற மாதம் என் தோழிக்கு அனுப்ப நினைத்து உங்களுக்கு அனுப்பிய செய்தியை நீங்கள் படித்துவிட்டீர்கள் என்று தெரியும். நீங்கள் எனக்காக எழுதிய செய்தியைப் படமெடுத்து வேறொருவருக்கு அனுப்ப முனைந்ததும், அதில் எழுதியிருந்த விதமும் தவறு. அதற்காகவும், இத்தனை நாள் பேசாமல் இருந்ததற்காகவும் மன்னிப்புக் கேட்கிறேன். நீங்கள் பதில் எழுத வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை." இவ்வளவு போதும். ஒரு மாதம் ஆகிவிட்டதே என்று தயங்க வேண்டாம். தாமதமான மன்னிப்பு சங்கடத்தோடு வரும், ஆனாலும் போய்ச் சேரும். அவர் கோபமாக ஏதாவது எழுதினால் எதிர்வாதம் செய்யாமல் ஏற்றுக்கொள்ளுங்கள். பதிலே வராவிட்டால் மறுபடியும் எழுதாதீர்கள்.

தோழியிடம் மனம் விட்டுப் பேசுவதை நான் குறை சொல்லவில்லை. தனியாக வாழ்கிறவர்களுக்கு, அன்றைய நாள் எப்படிப் போனது என்று கேட்கும் ஒரு குரல் மிகப் பெரிய சொத்து. ஆனால் ஒருவர் உங்களுக்கென்று எழுதியதைப் படமெடுத்து அனுப்பும் பழக்கத்தை விட்டுவிடுங்கள் என்று உறுதியாகவே சொல்வேன். போனில் கூப்பிட்டு வாயால் சொல்லுங்கள். சொல்லும்போது உங்கள் குரலில் இருக்கும் பரிவு, எழுத்தில் வருவதில்லை.

அவர் மூச்சு விடாமல் பேசியதைப் பற்றியும் நான் கொஞ்சம் யோசித்தேன். முதல் சந்திப்பில் ஓயாமல் பேசுகிறவர் எல்லோரும் தற்பெருமைக்காரர் அல்லர். மௌனம் விழுந்துவிடுமோ என்ற அச்சத்தில், தமக்கு நன்றாகத் தெரிந்த ஒரே விஷயத்தை இறுகப் பிடித்துக்கொள்கிறவர்களும் உண்டு. உங்களுக்குப் பதற்றம் "நீங்களும்" என்று வெளிப்பட்டது. அவருக்கு அது அலுவலகக் கதையாக வெளிப்பட்டிருக்கலாம். ஹார்வர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-இல் வெளியிட்ட ஆய்வில், சில நிமிடங்களுக்கு ஒருவராகப் பலரைச் சந்திக்கும் ஸ்பீடு டேட்டிங் உரையாடல்களை ஆராய்ந்தார்கள். எதிரில் இருப்பவர் சொன்னதிலிருந்தே அடுத்த கேள்வியை எடுத்துக் கேட்டவர்களுக்குத்தான் இரண்டாம் சந்திப்புக்கான சம்மதம் கூடுதலாகக் கிடைத்தது. அடுத்த முறை யாராவது அலுவலகக் கதையில் மாட்டிக்கொண்டால், "அந்த வேலைக்கு முதலில் ஏன் போனீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். கதை வேறு பாதையில் திரும்பும். திரும்பாவிட்டால் எழுந்து விடைபெற உங்களுக்கு முழு உரிமை உண்டு.

இப்போது உங்கள் முக்கியமான கேள்வி. தனியாக வாழ்வதில் குறை எதுவும் இல்லை. உங்கள் கடிதத்தின் முதல் வரிகளில் தெரியும் நிறைவு உண்மையானது என்றே நம்புகிறேன். அந்த நிறைவிலிருந்து "எனக்கு யாரும் வேண்டாம்" என்று நீங்கள் எழுதியிருந்தால், நான் முழுமனத்தோடு வாழ்த்தி இரண்டே வரியில் பதிலை முடித்திருப்பேன். நீங்களோ டிக் நீலமான அதே இரவில் செயலியை நீக்கியிருக்கிறீர்கள். அதனால் உங்களையே ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: அந்தச் சந்திப்புகள் எல்லாம் எந்தச் சங்கடமும் இல்லாமல் நடந்திருந்தால், இன்னும் ஒருவரைச் சந்திக்கப் போயிருப்பீர்களா? "மாட்டேன், எனக்கு அதில் நாட்டமே இல்லை" என்று பதில் வந்தால், உங்கள் முடிவு சரி. கூச்சம் தற்செயலாகச் சரியான இடத்துக்கு உங்களைக் கொண்டு போயிருக்கிறது. "போயிருப்பேன்" என்று வந்தால் அந்த முடிவை ரத்து செய்யுங்கள். உடனே செயலியைத் திரும்பவும் போனில் ஏற்ற வேண்டும் என்பதில்லை. முதலில் மன்னிப்புச் செய்தி போகட்டும். அது தீராதவரை அடுத்தவர் எதிரில் உட்கார்ந்தாலும் இவர்தான் நினைவில் நிற்பார்.

நீங்கள் உங்களுக்குக் கொடுத்துக்கொண்ட மதிப்பெண்ணையும் நான் சந்தேகிக்கிறேன். உளவியலாளர் எரிகா பூத்பியும் சகாக்களும் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், புதிதாகப் பேசிப் பழகியவர்கள், எதிரில் இருந்தவருக்குத் தங்களை எவ்வளவு பிடித்தது என்பதை உண்மையைவிடக் குறைவாகவே மதிப்பிட்டார்கள். கல்லூரி விடுதியில் சேர்ந்து தங்கிய மாணவர்களிடையேகூட அந்த இடைவெளி பல மாதங்கள் நீடித்தது. உங்கள் சந்திப்புகளுக்குப் பிறகு எத்தனை பேர் மீண்டும் தொடர்புகொண்டார்கள், நீங்கள் எத்தனை பேருக்குப் பதில் எழுதாமல் விட்டீர்கள் என்று பழைய உரையாடல்களை ஒரு முறை பொறுமையாகப் பாருங்கள். "மானம் போனது" என்று நீங்கள் கருதிய மாலைகளில் சில, எதிரில் இருந்தவருக்கு இனிய மாலைகளாக இருந்திருக்கக்கூடும்.

மீண்டும் போவதாக இருந்தால், முதல் சந்திப்பை நீண்ட விருந்தாக வைத்துக்கொள்ளாமல், ஆள் நடமாட்டமுள்ள இடத்தில் ஒரு குறுகிய நடையாக வைத்துக்கொள்ளுங்கள். நடக்கும்போது ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியதில்லை. மௌனமும் அவ்வளவாக உறுத்தாது. எங்கே போகிறீர்கள் என்று தோழிக்குச் சொல்லிவிட்டுப் போங்கள். கையசைத்த கதையை நீங்களே சொல்லுங்கள். அதைக் கேட்டு எவ்விதம் சிரிக்கிறார் என்பதிலிருந்து அந்த மனிதரைப் பற்றி உங்களுக்குப் பாதி தெரிந்துவிடும். ஸ்கிரீன்ஷாட் கதையை மட்டும் சொல்ல வேண்டாம். அதில் இன்னொருவர் இருக்கிறார்.

அக்காவின் கேள்விக்கு விளக்கம் எதுவும் தேவையில்லை. "நல்ல செய்தி இருந்தால் உன்னிடம்தான் முதலில் சொல்வேன் அக்கா, அதுவரை இதைக் கேட்காமல் இரு" என்று ஒரு முறை, மற்றவர்கள் இல்லாத நேரத்தில், அமைதியாகச் சொல்லுங்கள். மறுபடியும் கேட்டால் அதே வாக்கியத்தை ஒரு சொல்கூட மாற்றாமல் திரும்பச் சொல்லிவிட்டு, அவருடைய நாள் எப்படிப் போனது என்று கேளுங்கள்.