மூன்றாவது பிள்ளையின் பங்கு

மதிப்புக்குரிய அம்மா அவர்களுக்கு,

மகப்பேறு நிதியுதவியை முதல் இரண்டு பிரசவங்களோடு நிறுத்துவது தவறு என்று சென்ற மாதம் எழுதியிருந்தீர்கள். படித்துவிட்டு இரண்டு நாள் மனைவியோடு அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன். என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். ஆறு வயதில் ஒரே மகள். இரண்டாவது வேண்டும் என்று மனைவிக்கு மிகுந்த ஆசை. வீட்டு வாடகை, பள்ளிக் கட்டணம், என் அப்பாவின் மருந்துச் செலவு எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்து, வேண்டாம் என்று முடிவு செய்தோம். அன்று இரவு அவள் அழுதாள். எங்கள் தெருவிலேயே நான்கு பிள்ளைகள் உள்ள குடும்பம் ஒன்று இருக்கிறது. அவர்கள் எந்தக் கணக்கும் போட்டதாகத் தெரியவில்லை. ரேஷன் அரிசி, காலை உணவு, மதிய உணவு, மாதம் ஆயிரம் ரூபாய் எல்லாம் வருகிறது. எங்களுக்கோ, வறுமைக்கோட்டுக்குச் சற்று மேலே இருக்கிறோம் என்பதற்காக, அந்த ஒரே பிரசவத்துக்குக்கூட அரசிடமிருந்து ஒரு ரூபாய் வரவில்லை. அப்போது அவள் வேலையிலும் இல்லை.

‘நாம் இருவர் நமக்கு இருவர்’ என்று சுவரெல்லாம் எழுதி மக்களைப் பழக்கினோம். அதைக் கடைப்பிடித்த மாநிலம் என்பதற்காகவே நம் மக்களவைத் தொகுதிகளின் பங்கு குறையும் என்கிறார்கள். கடைப்பிடித்தவருக்குத் தண்டனை, கடைப்பிடிக்காதவருக்கு உதவி என்பதுதான் நீதியா? பிரிட்டன் போன்ற பணக்கார நாடே இரண்டு பிள்ளைகளுக்கு மேல் உதவி கிடையாது என்று சட்டம் போட்டதே? பதில் எதிர்பார்க்கிறேன்.

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர், திருப்பூர்)

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். மூன்று முறையும் உங்கள் மனைவி அழுத அந்த இரவிலேயே நின்றுவிட்டேன். ஒரு குழந்தை வேண்டும் என்று விரும்பிய பெண், பணம் போதாது என்று அதை விட்டுக்கொடுத்திருக்கிறார். அது சிறிய இழப்பல்ல. அதற்கு யாரும் உங்களிடம் ஆறுதலாக ஒரு சொல் சொல்லவில்லை. என் கட்டுரையும் சொல்லவில்லை. உங்களைப் போன்றவர்கள் கண்ணில் படாமலே அதை எழுதியிருக்கிறேன் என்பது இப்போது தெரிகிறது.

ஆனால் உங்கள் பங்கை எடுத்துக்கொண்டது அந்தத் தெருவிலுள்ள நான்கு பிள்ளைகள் அல்ல. 2013ஆம் ஆண்டு தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், அரசு ஊழியர் போன்ற சிலரைத் தவிர, ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் 6,000 ரூபாய்க்குக் குறையாத மகப்பேறு உதவி உண்டு என்கிறது. எத்தனையாவது பிரசவம் என்ற கேள்வி அந்த வரியில் இல்லை. 2017இல் மத்திய அரசு திட்டமாக அதைக் கொண்டுவந்தபோது தொகை 5,000 ஆனது. முதல் குழந்தைக்கு மட்டும் என்றும் ஆனது. 2022இல் இரண்டாவது குழந்தையையும் சேர்த்தார்கள், அது பெண்ணாக இருந்தால். தமிழ்நாட்டின் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி 1987இல் தொடங்கியது. 2018 முதல் அது 18,000 ரூபாய்: கையில் 14,000, மீதி நாலாயிரத்துக்கு இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகங்கள். இந்திய அளவில் இது பெருந்தன்மையான தொகைதான். ஆனால் வறுமைக்கோட்டுக்குக் கீழே இருக்க வேண்டும், இரண்டு பிரசவத்தோடு முடிந்தது என்று இரண்டு வேலிகள். ஒரு வேலியில் உங்கள் மனைவி நின்றார், இன்னொன்றில் மூன்றாவது முறை கருவுற்றவள் நிற்கிறாள். சட்டத்தின் வாசகப்படி இருவருக்குமே வந்திருக்க வேண்டிய பணம் அது.

அந்த மூன்றாவது முறைக்காரியைப் பற்றிச் சொல்கிறேன். சென்ற ஆண்டு உறவுக்காரப் பெண் ஒருத்தியோடு ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போயிருந்தேன். செவ்வாய்க்கிழமை, கர்ப்பிணிகளுக்கான நாள். வரிசையில் எங்களுக்கு முன்னால் இருந்தவளுக்கு இருபத்தாறு, இருபத்தேழு வயதிருக்கும். இரண்டு பெண் குழந்தைகள், ஒன்று இடுப்பில். ரத்தம் எடுத்துப் பார்த்த நர்ஸம்மா, “ஹீமோகுளோபின் எட்டுதான் இருக்கிறது, என்ன சாப்பிடுகிறாய்?” என்று அதட்டினார். அவள் பதில் சொல்லவில்லை. பணம் எப்போது வரும் என்று மட்டும் கேட்டாள். இது மூன்றாவது, உனக்கு வராது என்று நர்ஸம்மா தணிந்த குரலில் சொன்னார். எங்கள் முறை வந்தபோது அவரே பேச்செடுத்தார். “இரண்டு பெற்று உடம்பில் ரத்தமே இல்லாமல் வருகிறவளுக்குத்தான் பெட்டகத்தில் வரும் அந்தப் பேரீச்சம்பழமும் நெய்யும் டானிக்கும் வேண்டும். அவளைத்தான் வெறுங்கையோடு அனுப்புகிறேன். அடுத்த செவ்வாய் வராமல் இருந்துவிடுவாளோ என்று பயமாக இருக்கிறது.”

நம் மாநிலத்தில் கர்ப்பிணிகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு ரத்தசோகை என்கிறது 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பு. அடுத்தடுத்த பிரசவங்கள் இருக்கிற கொஞ்ச இரும்புச்சத்தையும் கரைத்துவிடும். அந்தப் பெட்டகம் ஊதாரித்தனத்துக்கான பரிசல்ல, அது மருந்து. எத்தனையாவது முறை காய்ச்சல் வந்தது என்று கேட்டு மாத்திரை தருவதில்லையே நாம்.

அவள் ஏன் மூன்றாவதாகக் கருவுற்றாள்? எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை. ஆண் பிள்ளை வேண்டும் என்ற மாமியாரா, கணவனா, அவளே விரும்பினாளா, எதிர்பாராமல் தங்கிவிட்டதா? நம் மாநிலத்தில் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொள்ளும் ஆண்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. மணமான பெண்களிலோ பாதிக்கும் மேற்பட்டவர்கள் செய்துகொண்டிருக்கிறார்கள். பொறுப்பும் அவள் தலையில், தண்டனையும் அவள் தலையில்.

இதே எண்ணிக்கைக் கண்ணோடு பார்த்ததால் வந்த வழக்கு ஒன்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. தமிழ்நாட்டு அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவர். முதல் திருமணத்தில் பிறந்த இரண்டு குழந்தைகளும் முன்னாள் கணவரிடம் வளர்கிறார்கள். பிறகு அரசு வேலை, மறுமணம், ஒரு குழந்தை. ஏற்கெனவே இரண்டு இருப்பதால் மகப்பேறு விடுப்பு இல்லை என்றார்கள். உயர் நீதிமன்ற அமர்வும் அதையே சொன்னது. உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளி, மகப்பேறு விடுப்பு பெண்ணின் இனப்பெருக்க உரிமையோடு சேர்ந்தது என்றது. இவ்வளவு தூரம் போய்ப் போராட எத்தனை பேரால் முடியும்? தனியார் துறைக்கான 2017ஆம் ஆண்டுத் திருத்தம்கூட இரண்டு பிள்ளைகள் இருப்பவருக்கு 26 வாரத்துக்குப் பதில் 12 வாரம் என்று குறைத்ததே தவிர, அடியோடு மறுக்கவில்லை.

பிரிட்டனைச் சொன்னீர்கள். அங்கே நடந்ததை முழுமையாகப் பார்ப்போம், ஏனென்றால் உங்கள் வாதத்தை அப்படியே எடுத்துக்கொண்டு ஒரு நாடு அதைச் சோதித்துப் பார்த்திருக்கிறது. சொந்த உழைப்பில் வாழும் குடும்பம் செலவைக் கணக்கிட்டுப் பிள்ளை பெறுகிறது, உதவித்தொகை பெறும் குடும்பமும் அதே கணக்கைப் போடட்டும் என்று 2015இல் நிதியமைச்சர் ஜார்ஜ் ஆஸ்போர்ன் அறிவித்தார். திருப்பூரிலிருந்து நீங்கள் எழுதியதும் இதுதான். 2017 ஏப்ரல் 6ஆம் தேதியிலிருந்து பிறந்த மூன்றாவது பிள்ளைக்கும் அதற்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கும், வருமானத்தைப் பொறுத்துத் தரப்படும் அரசுத் தொகை கிடையாது என்றானது. பிள்ளை ஒன்றுக்கு ஆண்டுக்குச் சுமார் 3,500 பவுண்டு இழப்பு. பாதிக்கப்பட்ட குடும்பங்களில் பாதிக்கும் மேற்பட்டவற்றில் ஒருவராவது வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்.

பிறப்பு குறைந்ததா? ஆய்வாளர்கள் கணக்கிட்டுப் பார்த்தார்கள். மிகச் சிறிதளவே குறைந்திருந்தது. பெரிய குடும்பங்களில் வறுமைதான் ஆழமானது. இந்தச் சட்டத்தில் ஒரு விலக்கு இருந்தது: பலாத்காரத்தால் கருவுற்றால் மூன்றாவது குழந்தைக்கும் தொகை உண்டு. அதைப் பெற, அந்தத் தாய் தனக்கு நடந்ததை ஒரு மருத்துவரிடமோ சமூகப் பணியாளரிடமோ சொல்லி, அவர் கையெழுத்திட்ட படிவத்தை அரசுக்குத் தர வேண்டும். பிள்ளையின் சாப்பாட்டுக்காக ஒரு பெண் அந்தப் படிவத்தை நிரப்பும் காட்சியை என்னால் மனத்திலிருந்து அகற்ற முடியவில்லை. ‘தகுதியான’ மூன்றாவது பிள்ளை, ‘தகுதியற்ற’ மூன்றாவது பிள்ளை என்று பிரிக்கத் தொடங்கினால் அரசு கடைசியில் வந்து நிற்கும் இடம் இதுதான். 2024 ஜூலையில் இந்த வரம்பை நீக்கக் கோரி வாக்களித்த தொழிற்கட்சி உறுப்பினர்கள் ஏழு பேரை அவர்களுடைய கட்சியே இடைநீக்கம் செய்தது. அடுத்த ஆண்டு நவம்பரில் அதே கட்சியின் நிதியமைச்சர் ரேச்சல் ரீவ்ஸ், 2026 ஏப்ரலிலிருந்து வரம்பை நீக்குவதாக பட்ஜெட்டில் அறிவித்தார்.

நம்மிடமும் ஒரு சிறிய சோதனை நடந்திருக்கிறது. 2016 நவம்பரில் உணவுப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் தமிழ்நாடு வரும்வரை, எத்தனை பேர் இருந்தாலும் ஒரு அரிசி அட்டைக்கு அதிகபட்சம் 20 கிலோ. அதன்பிறகு முன்னுரிமை அட்டை வைத்திருக்கும் பெரிய குடும்பங்களுக்கு ஆளுக்கு 5 கிலோ என்று கூடியது. அப்படி ஏழு பேர் உள்ள வீட்டுக்கு 35 கிலோ. இதற்காக யாராவது பிள்ளை பெற்றார்களா? பிறப்பு விகிதம் அதற்குப் பிறகும் இறங்கித்தான் வந்திருக்கிறது. அதே 2019-21 கணக்கெடுப்பில் ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.8 பிள்ளை. அதாவது நீங்கள் உதவியை நிறுத்தச் சொல்லும் மூன்றாவது, நான்காவது பிரசவங்கள் இங்கே ஏற்கெனவே குறைவு. அவற்றுக்கு உதவியை மறுப்பதால் கருவூலத்துக்கு மிச்சமாவதும் குறைவு.

சுவரெழுத்தால் மட்டும் இது வந்துவிடவில்லை. பிறந்த குழந்தை பிழைக்கும் என்ற நம்பிக்கை வந்தது. 1982இல் விரிவாக்கப்பட்ட சத்துணவு பெண் பிள்ளைகளையும் பள்ளிக்கு இழுத்தது. அந்தச் சோற்றுத் தட்டு நீட்டப்பட்டபோது உனக்கு எத்தனை அண்ணன் தம்பி என்று யாரும் கேட்கவில்லை. படித்தவள் தாமதமாகத் திருமணம் செய்தாள், குறைவாகப் பெற்றாள். 1930 வாக்கிலேயே கர்ப்பத்தடை பற்றி எழுதிய பெரியார், மற்றவர்கள் நாட்டின் பொருளாதாரத்தையும் பெண்களின் உடல்நலத்தையும் காரணமாகச் சொல்கிறார்கள், நாமோ பெண்களின் விடுதலைக்காக அது வேண்டும் என்கிறோம் என்றார். அந்த வழியில் வந்த மாநிலம், பிள்ளையின் உணவை நிறுத்தித் தாயைப் பணியவைக்கும் வழிக்குத் திரும்பக் கூடாது. அந்த வழியின் மறுமுனையை 2021இல் உத்தரப் பிரதேச சட்ட ஆணையம் வெளியிட்ட வரைவில் பார்த்தோம்: இரண்டுக்கு மேல் பெற்றால் அரசு வேலை இல்லை, உள்ளாட்சித் தேர்தலில் நிற்க முடியாது, ரேஷன் அட்டையில் நான்கு பேருக்கு மேல் கணக்கில்லை.

உள்ளாட்சித் தேர்தலில் இரு குழந்தை விதி வைத்த மாநிலங்களில், ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி நிர்மலா புச் கள ஆய்வு செய்தார். பதவிக்காக மனைவியைக் கைவிட்டவர்கள், பிறந்த பிள்ளையைத் தத்துக் கொடுத்தவர்கள், கருவிலேயே பெண்ணை அழித்தவர்கள் என்று அவர் கண்டவை ஏராளம். ஆண் பிள்ளை ஆசை இருக்கும் ஊரில் எண்ணிக்கைக்கு வரம்பு வைத்தால் அது பெண் குழந்தையின் மேல்தான் விழும். நம் பெண் குழந்தை பாதுகாப்புத் திட்டத்தையே பாருங்கள். நல்ல நோக்கத்தோடு 1992இல் தொடங்கியது. இரண்டு பெண்கள் என்றால் ஆளுக்கு 25,000 ரூபாய் வைப்புத்தொகை, ஆனால் பெற்றோரில் ஒருவர் ஆபரேஷன் செய்திருக்க வேண்டும். அந்தச் செவ்வாய்க்கிழமைப் பெண்ணின் மூத்த மகள்கள் இருவரும், தங்களுக்குத் தம்பியோ தங்கையோ வருவதால் அந்தப் பணத்தை இழக்கிறார்கள். அவர்கள் செய்த தவறு என்ன?

உங்கள் வாதத்தில் எனக்கு உடன்பாடான இடமும் உண்டு. எல்லா உதவியும் தலைக்கு இவ்வளவு என்று பெருகிக்கொண்டே போக வேண்டியதில்லை. மகளிர் உரிமைத் தொகை குடும்பத்துக்கு ஒன்றுதான். உங்கள் தெருவிலுள்ள நான்கு பிள்ளை வீட்டுக்கும் அதே ஆயிரம்தான். அது அப்படியே இருக்கட்டும். வீட்டுக் கடன் மானியம், வாகன மானியம் போன்றவற்றில் சிறிய குடும்பத்துக்கு முன்னுரிமை தந்தாலும் எனக்கு மறுப்பில்லை. ஒரு குழந்தையின் வாயிலும், கர்ப்பிணியின் ரத்தத்திலும் மட்டும் கை வைக்க வேண்டாம் என்கிறேன்.

தொகுதிகள் பற்றிய உங்கள் வருத்தம் நியாயமானது. 1971 மக்கள்தொகைக் கணக்கெடுப்போடு மாநிலங்களின் தொகுதி எண்ணிக்கையை உறையவைத்ததே, மக்கள்தொகையைக் கட்டுப்படுத்தும் மாநிலம் அதற்காக எதையும் இழக்கக் கூடாது என்றுதான். அந்த வாக்குறுதியைக் காக்கும்படி டெல்லியிடம் கேட்க வேண்டும். ஆனால் 2025 மார்ச்சில் முதல்வர் ஸ்டாலின் புதுமணத் தம்பதிகளிடம் உடனே பிள்ளை பெற்றுக்கொள்ளச் சொன்னபோதும் எனக்கு வருத்தமாகவே இருந்தது. நேற்று நாட்டுக்காகக் குறை என்றோம், இன்று தொகுதிக்காகக் கூட்டு என்கிறோம். உங்கள் மனைவியிடம் அவருக்கு என்ன வேண்டும் என்று இரண்டு பேச்சிலும் யாரும் கேட்கவில்லை.

முந்தைய கட்டுரையில் மூன்றாவது பிரசவத்துக்காக மட்டும் வாதாடினேன். வறுமைக்கோட்டு வேலியையும் சேர்த்து எழுதியிருக்க வேண்டும். 2013ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னபடி ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் என்று கேட்டு அடுத்த கட்டுரையை எழுதப் போகிறேன். நீங்கள் கணக்கு எழுதுபவர், சீட்டுகளைத் தூக்கிப்போட்டிருக்க மாட்டீர்கள். மகள் பிறந்த ஆண்டின் ஸ்கேன், மருந்து, மருத்துவமனைச் செலவுகளை உங்கள் மனைவியும் நீங்களும் சேர்ந்து ஒரு தாளில் எழுதி அனுப்ப முடியுமா? அவர் சம்மதித்தால் மட்டும், பெயரில்லாமல், அதிலிருந்தே கட்டுரையைத் தொடங்குகிறேன்.