ஊசுட்டேரிக் கரையில் கழுத்து தொங்கிய வாத்துகள்

வணக்கம். மூணு நாளில் அஞ்சு புள்ளிமூக்கு வாத்து புதுச்சேரியை ஒட்டிய ஊசுட்டேரிக் கரையில் கிடந்ததாகவும், கழுத்து தொங்கினாலும் கண் திறந்திருந்ததாகவும் எழுதியிருக்கீங்க. வீட்டுக் கோழிக்குப் பறவைக் காய்ச்சல் வருமோ என்று கேட்டிருக்கீங்க.

நீங்க சொல்ற அறிகுறி எனக்கு பாட்டுலிசமாகத்தான் (பாக்டீரியா நஞ்சால் தசைகள் செயலிழக்கும் நோய்) படுது. பாகூர் ஏரியில் ஒரு நாமக்கோழியை அப்படிப் பார்த்தேன். றெக்கையால் தண்ணியை அடிச்சு அடிச்சு நகர்ந்தது; தலையைத் தூக்க முடியாமல் கண்ணெதிரே மூழ்கிப்போச்சு. இன்னும் மனசை விட்டுப் போகலை. வெயிலில் ஏரி வற்றும்போது, காற்றுப் புகாத சேற்றிலும் அழுகின உடலிலும் கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற பாக்டீரியா நஞ்சை உண்டாக்கும். செத்த பறவையில் நெளியும் புழுக்களில் அந்த நஞ்சு சேரும். அதில் சிலதைத் தின்னாலே அடுத்த வாத்தும் விழுந்துடும். அதனால் பிணங்களை உடனே அகற்றுவதுதான் முதல் வேலை.

ஆனா அதை நீங்க செய்யாதீங்க. பறவைக் காய்ச்சலிலும் கழுத்து திருகும். ஆய்வகச் சோதனை இல்லாமல் முடிவு கட்டக் கூடாது. இன்றைக்கே வனத்துறைக்கும் கால்நடைத் துறைக்கும் சொல்லுங்க. ஊசுட்டேரியில் புதுச்சேரி எல்லைக்குள் இருக்கும் பகுதி 2008 முதல் பறவைகள் சரணாலயம், வந்து பார்ப்பது அவங்க பொறுப்பு.

அதுவரை கோழிகளை அடைச்சு வைங்க, ஏரித் தண்ணி காட்டாதீங்க. கரைக்குப் போன செருப்போடு கூண்டுப் பக்கம் போகவே வேண்டாம். விழுந்த வாத்தை யாராவது சமைக்க எடுத்தால் கண்டிப்பாகத் தடுத்துடுங்க.