தாலி எடுத்துக் கொடுப்பவர் யாராக இருக்கலாம்?

கே: இருவரும் இந்துக்கள். ஐயர் வேண்டாம், என் தமிழாசிரியை தலைமையில் மணம் செய்துகொள்ள ஆசை. செல்லுமா?

ப: தாராளமாகச் செல்லும். இந்து திருமணச் சட்டத்தில் தமிழ்நாட்டுக்கென்றே 7ஏ பிரிவு இருக்கிறது. அண்ணா ஆட்சியில், 1967-இல் வந்த திருத்தம். உறவினர், நண்பர் அல்லது வேறு சிலர் முன்னிலையில், உங்களுக்குப் புரியும் மொழியில் துணையாக ஏற்பதாகச் சொல்லுங்கள். அல்லது மாலை மாற்றுங்கள், மோதிரம் அணிவியுங்கள், தாலி கட்டுங்கள். இவற்றில் ஒன்று போதும். ஏழடி நடக்க வேண்டியதில்லை. 1950களில் ஒரு சுயமரியாதைத் திருமணம் செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. அப்படி மணந்த எத்தனையோ குடும்பங்களின் சொத்துரிமை கேள்விக்குறியானது. அதனால்தான் பழைய திருமணங்களுக்கும் இந்தத் திருத்தம் உயிர் கொடுத்தது. என்னைக் கேட்டால், இது நம் மாநிலத்தின் மிக அருமையான சட்டங்களில் ஒன்று. ஆசிரியையையே அழையுங்கள்.

கே: வீட்டில் எதிர்ப்பு. வக்கீல் அறையில் மாலை மாற்றினால்?

ப: 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது. ஊரறிய நடக்க வேண்டிய கட்டாயம் இல்லை. வக்கீல் நண்பராக உடன் நிற்கலாம். தொழில்முறை அதிகாரத்தில் நடத்தி வைக்க முடியாது. பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 நிறைந்திருக்க வேண்டும். அப்புறம், 90 நாளுக்குள் பதிவு செய்துவிடுங்கள். சடங்கே நடக்காமல் சான்றிதழ் மட்டும் வாங்கினால் அது திருமணமாகாது.

கே: நான் இந்து, அவர் கிறிஸ்தவர். என் மாமா நடத்தி வைக்கலாமா?

ப: கூடாது. 7ஏ இரு இந்துக்களுக்கு மட்டும். ஒருவர் கிறிஸ்தவரானாலும் 1872-ஆம் ஆண்டு கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி முறையாகப் பட்டம் பெற்ற குருவோ, உரிமம் பெற்ற போதகரோ, திருமணப் பதிவாளரோ நடத்த வேண்டும். அதிகாரம் இல்லாதவர் நடத்தினால் 10 ஆண்டு வரை சிறை. ஆகவே போதகரிடம் உரிமத்தைக் கேட்கத் தயங்காதீர்கள். மதச் சடங்கே வேண்டாமென்றால் 1954-ஆம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டம் இருக்கிறது: 30 நாள் அறிவிப்பு, மூன்று சாட்சிகள், திருமண அலுவலர் முன்னிலை. மாமா சாட்சிக் கையெழுத்துப் போடட்டும்.

கே: நிக்காஹ்வுக்கு அரசு நியமித்த காஜி வந்தே ஆக வேண்டுமா?

ப: இல்லை. 1880-ஆம் ஆண்டு காஜிகள் சட்டமே அதைக் கட்டாயமாக்கவில்லை.