வாசகர் கேள்வி: உதவ வந்தவனுக்கு எதற்கு இத்தனை மாதப் பயிற்சி?

கேள்வி: எனக்கு 23 வயது. தன்னார்வத் தீயணைப்புக் குழுவில் இப்போதுதான் சேர்ந்தேன். அடிப்படைப் பயிற்சி முடிய மாதக்கணக்கில் ஆகுமாம். அதுவரை எரியும் கட்டடத்துக்குள் விடமாட்டார்களாம். சம்பளம் வாங்காமல் உதவ வருகிறவனுக்கும் இத்தனை கெடுபிடி எதற்கு, ஐயா? மூத்தவர்கள் கூடவே போய், பார்த்துக் கற்றுக்கொள்ள முடியாதா?

பதில்: உங்கள் குழு சொல்வதுதான் சரி, தம்பி. அமெரிக்காவில் தீயணைப்பு வீரர்களில் பெரும்பாலோர் தன்னார்வலர்கள். அங்கே அடிப்படைத் தகுதியை வரையறுத்த என்.எஃப்.பி.ஏ. (அமெரிக்கத் தேசியத் தீப் பாதுகாப்புச் சங்கம்) 1001 என்ற தர விதி, சம்பளக்காரர், தன்னார்வலர் என்று பிரித்துப் பார்க்கவில்லை. இருவரும் செய்யப்போவது ஒரே வேலை.

பார்த்துக் கற்றுக்கொள்ளலாமே என்கிறீர்கள். புகை இறங்கிய அறையில் பார்ப்பதற்கு ஒன்றுமே இருக்காது. நீட்டிய கைகூடத் தெரியாது. முட்டிபோட்டுத் தவழ்ந்து, ஒரு கையைச் சுவரிலோ ஹோஸிலோ (தண்ணீர்க் குழாய்) வைத்தபடிதான் நகர முடியும். வழி தவறிவிட்டால் ஹோஸைத் தடவிக்கொண்டே போய் கப்ளிங்கை, அதாவது இரண்டு ஹோஸ்களை இணைக்கும் மூட்டைக் கண்டுபிடிக்க வேண்டும். மரை போட்ட கப்ளிங் என்றால், மற்றதற்குள் நுழையும் ஆண் முனை இருக்கும் பக்கம் பம்ப். வெளியே போகும் வழியும் அதுதான். கனத்த கையுறைக்குள் இருக்கும் விரல் அதைப் புரிந்துகொள்ள வேண்டும். புதியவர்களுக்கு நான் பயிற்சி கொடுத்த காலத்தில், மாஸ்க்கின் கண்ணாடியை மறைத்துவிட்டு இதையே திரும்பத் திரும்பச் செய்யவைப்பேன். சலித்துக்கொள்வார்கள். விடமாட்டேன்.

அடுத்தது மூச்சுக் கருவி. 30 நிமிட சிலிண்டர் என்று எழுதியிருப்பதை நம்பி உள்ளே போகக் கூடாது. கனமான உடுப்போடு மாடியேறி, தண்ணீர் நிரம்பிய ஹோஸை இழுத்து, பதற்றமும் சேர்ந்துகொண்டால் அதற்கு வெகு முன்னாலேயே காற்று தீர்ந்துவிடும். காற்று குறைந்ததும் எச்சரிக்கை மணி அடிக்கும். அந்தச் சத்தத்தில் மிரண்டு, மூச்சு முட்டுவதுபோல் தோன்றி, மாஸ்க்கைக் கழற்றக் கை போகும். பயிற்சிக்கூடத்தில் அந்தக் கையைப் பிடித்துக்கொள்ளப் பக்கத்தில் ஆள் இருக்கும். புகைக்குள் யார் இருப்பார்கள்?

இருவர் உள்ளே போனால், அவர்களை மீட்க இருவர் வெளியே தயாராக நிற்க வேண்டும் என்பது அமெரிக்கப் பணிப் பாதுகாப்புச் சட்டத்தில் உள்ள விதி. பயிற்சியில்லாத ஒருவர் உள்ளே மாட்டிக்கொண்டால், வீட்டில் சிக்கியவர்களைத் தேட வேண்டிய ஆட்கள் அவரைத் தேடப் போவார்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமாக ஒன்று. பயிற்சியிலும் உங்கள் உயிருக்குப் பாதுகாப்பு கேட்பது உங்கள் உரிமை. 2001 செப்டம்பரில், நியூயார்க் மாநிலத்தின் லேர்ட்ஸ்வில்லில், புதிதாகச் சேர்ந்த 19 வயதுத் தன்னார்வலர் ஒருவரைத் தீயில் சிக்கியவர்போல நடிக்கச் சொல்லி ஒரு பழைய வீட்டுக்குள் வைத்தார்கள். தீ கைமீறிப் போனது. அந்தப் பிள்ளை இறந்துபோனான். பயிற்சியை நடத்திய அதிகாரியைக் குற்றவாளி என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நிஜத் தீப் பயிற்சியில் சிக்கியவராக ஆளை வைக்கக் கூடாது என்கிறது என்.எஃப்.பி.ஏ. 1403 விதி. பொம்மையைத்தான் வைக்க வேண்டும். உங்களை யாராவது அப்படிப் படுக்கச் சொன்னால், எவ்வளவு மூத்தவராக இருந்தாலும் மறுத்துவிடுங்கள். தீ மூட்டுவதற்கு முன் வெளியேற இரண்டாவது வழி எது, பாதுகாப்பு அதிகாரி யார், காப்புக்குத் தனி ஹோஸ் தயாரா என்று கேளுங்கள். நல்ல பயிற்றுநர் இந்தக் கேள்விக்குச் சந்தோஷப்படுவார்.

அதுவரை சும்மா இருக்க வேண்டியதில்லை. ஹோஸ் விரிப்பது, சிலிண்டர் மாற்றிக் கொடுப்பது, முதலுதவி என்று வெளியே கை நிறைய வேலை இருக்கிறது. மூத்தவர் கண்காணிப்பில் அதையெல்லாம் பழகுங்கள்.

கேள்வி: தாடியை எடுத்தால்தான் மாஸ்க் தருவோம் என்கிறார்கள். இது நியாயமா?

பதில்: நியாயம்தான். மாஸ்க்கின் ரப்பர் விளிம்பு தோலோடு ஒட்டியிருக்க வேண்டும். இடையில் முடி இருந்தால் காற்று கசியும், சிலிண்டர் சீக்கிரம் காலியாகும், புகையும் உள்ளே வரலாம். விளிம்புக்குள் அடங்கும் மீசைக்குப் பிரச்சினை இல்லை.

கேள்வி: எனக்கு 46 வயது, லேசான இரத்த அழுத்தம் உண்டு. சேரலாமா?

பதில்: முதலில் மருத்துவரைப் பாருங்கள். என்ன வேலை செய்யப்போகிறீர்கள் என்பதை அவரிடம் விவரமாகச் சொல்லுங்கள். அமெரிக்காவில் பணியின்போது இறக்கும் தீயணைப்பு வீரர்களில், பல ஆண்டுகளாகவே மாரடைப்பு போன்ற இதயக் கோளாறால் இறப்பவர்கள்தான் அதிகம். உள்ளே போக வேண்டாம் என்று அவர் சொன்னாலும் விண்ணப்பத்தைக் கிழித்துப் போடாதீர்கள். பம்ப் இயக்க, வண்டி ஓட்ட, ரேடியோ கவனிக்க எல்லாக் குழுவிலும் ஆள் தேவை. அவற்றுக்கும் தனிப் பயிற்சி உண்டு. எந்த வேலைக்கு உங்களை எடுத்துக்கொள்வார்கள் என்று நிலையத்தில் நேரில் கேட்டுவிடுங்கள்.