மகள் உலோகவியல் கேட்கிறாள், சேர்க்கலாமா?

அன்புள்ள ஐயா,

"கம்ப்யூட்டர் சயன்ஸ் கிடைக்கும் மார்க்கை வைத்துக்கொண்டு உலையடியில் நிற்கப் போகிறேன் என்கிறாளே" என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் உலோகவியல் உலையோடு முடிந்துவிடும் படிப்பு அல்ல.

சாதாரண உலோகத் துண்டு பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத படிக மணிகள் நெருங்கி அமைந்ததுதான். அதை வளைக்கும்போது அணு அடுக்கில் உள்ள பிசகுகள் நகர்கின்றன. மணியின் எல்லைக்கு வந்ததும் முட்டி நிற்கின்றன. மணிகள் சிறுத்தால் எல்லைகள் பெருகும், உலோகம் எளிதில் வளையாது. 1951இல் ஹால், 1953இல் பெட்ச் என்ற இரு ஆய்வாளர்கள் இதற்குக் கணக்கு வகுத்தார்கள். மணியின் அளவு நூறில் ஒரு பங்கானால், எல்லைகளால் கிடைக்கும் வலிமை பத்து மடங்காகும். முழங்கைபோல் வளைந்த துளை வழியே உலோகக் கட்டியைத் திரும்பத் திரும்ப அழுத்தித் தள்ளி, மணிகளை ஒரு மைக்ரானுக்கும் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கீழே கொண்டுவந்துவிடலாம். இப்படி வலுவேற்றிய தூய டைட்டானியத்தில் பல் பதியங்கள், அதாவது தாடையில் பொருத்தும் செயற்கைப் பல் வேர்கள், செய்கிறார்கள். வலிமைக்காக வனேடியம் என்ற வேறொரு உலோகத்தைக் கலக்க வேண்டியதில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது இதற்குப் பின்னால் வரும் சிக்கல்தான். மணி சிறுத்தால் மட்டும் போதாது. அடுத்தடுத்த மணிகளின் அடுக்குகள் சுமார் 15 பாகைக்கு மேல் திரும்பியிருந்தால்தான் எல்லை உறுதியான தடையாகும். வலிமை கூடக்கூட இழுபடும் தன்மை குறைகிறது. மணியின் அளவு ஏறத்தாழ 10 நானோமீட்டருக்கும் (ஒரு மைக்ரானில் நூறில் ஒரு பங்கு) கீழே போனால் வலிமையே சரியத் தொடங்கும். கடும் வெப்பத்திலோ எல்லைகளே பலவீனம். அதனால் ஜெட் எஞ்சினின் டர்பைன் இதழ்களை எல்லையே இல்லாமல் ஒற்றைப் படிகமாக வார்க்கிறார்கள். எந்த இடத்துக்கு எந்த மணி என்று தீர்மானிப்பதுதான் உங்கள் மகள் கேட்கும் வேலை.

திருச்சி என்.ஐ.டி., சென்னை ஐ.ஐ.டி., கோவை பி.எஸ்.ஜி. ஆகியவற்றில் இந்தப் படிப்பு இருக்கிறது. தொடக்கச் சம்பளம் பெரும்பாலும் மென்பொருள் துறையைவிடக் குறைவு. ஆராய்ச்சிக்குப் போகப் பெரும்பாலும் கேட் (GATE) என்ற முதுநிலை நுழைவுத் தேர்வும் மேற்படிப்பும் வேண்டும். பட்டப்படிப்பும் மேற்படிப்பும் சேர்ந்த இந்த ஆறேழு ஆண்டுகளுக்கு உங்களால் துணைநிற்க முடியுமா என்று முதலில் யோசியுங்கள்.

கல்லூரிகளை வரிசைப்படுத்துவதற்கு முன் மகளிடம் ஒரு செம்புக் கம்பியைக் கொடுங்கள். பலமுறை வளைத்தால் அது விறைத்துக்கொள்ளும். அடுப்புத் தீயில் சிவக்கக் காய்ச்சி ஆறவிட்டால் மறுபடி இளகிவிடும். ஏன் என்று அவளே தேடிப்போகிறாளா என்று பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.